‘பொறகு சொல்றன்’



கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேசையில் கிடக்கிறது. கொப்பித் தாளைக் கிழித்து, இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறார். மூன்று வயது மகனுக்கு இரண்டு காதும் கேட்காது என்று வைத்தியர்கள் சொல்லி நாலு மாதமாகிறதாம். அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. வயிற்றில் பிள்ளையோடு கிரகணம் பார்த்தாய் என்கிறார் ஒருவர். சொந்தத்துக்குள் கட்டினால் இப்படித்தான் என்கிறார் இன்னொருவர். கடைசியில் அந்தத் தாய் என்னிடம் கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. பிள்ளை கையைக் காட்டித் தண்ணீர் கேட்கிறான், கையைக் காட்டித் தூக்கச் சொல்கிறான். கை காட்ட விட்டால் பேச்சே வராமல் போய்விடும், கையைப் பிடித்து வை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும் என்கிறார்.

சகோதரி, நான் வைத்தியனல்ல. ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் காது கேளாமல் வாழ்கிறவன், அவ்வளவுதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் கையைப் பிடிக்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்த மாதப் பக்கம் முழுவதும்.

முதலில் அந்த இரண்டு பேச்சுக்கும் இரண்டு வார்த்தை. கிரகணம் யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் ஏற்படுவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லித் தந்து ஆயிரத்து நானூறு வருஷமாகிறது. இன்னும் நம் வீடுகளில் அந்தப் பேச்சு ஓயவில்லை. சொந்தத்துக்குள் மணம் முடிப்பது சில பிறவிக் குறைகளுக்கு வாய்ப்பைக் கூட்டும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம்தான். அதைக் கலியாணம் பேசும்போது யோசிக்க வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அது சாட்சியமல்ல. இனி விஷயத்துக்கு வருவோம்.

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு வலீமா விருந்துக்குப் போயிருந்தேன். ஸஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். ஐந்து பேருக்குக் காது கேட்கும், எனக்குக் கேட்காது. ஸஹன் சாப்பாட்டில் எங்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது, நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நாங்கள் சாப்பிடும் கையும் பேசும் கையும் ஒன்றுதான். கையில் சோறு இருக்கும்போது வாயில் இறைச்சி உள்ளவனைப்போல ஆகிவிடுவோம். சரி, அது போகட்டும். எதிரில் இருந்த மச்சான் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரைக்கேறி முதுகில் தட்டினார்கள். நானும் சிரித்தேன். காது கேளாதவர்கள் எல்லோரும் நன்றாகப் பழகிய சிரிப்பு அது. பிறகு பக்கத்தில் இருந்தவரைத் தொட்டு, என்ன என்று கேட்டேன். அவர் இடக்கையை மெதுவாக அசைத்தார். உதட்டைப் பார்த்தேன். "ஒண்டுமில்ல, பொறகு சொல்றன்."

இந்த இரண்டு சொல்லையும் நான் எந்த உதட்டிலும், எந்த வெளிச்சத்திலும் படித்துவிடுவேன். தாடி மறைத்தாலும் படிப்பேன். வாழ்நாளில் நான் அதிகம் பார்த்த வசனம் இதுதான். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்களல்ல. என்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். ஆனால் அந்தப் ‘பொறகு’ எத்தனை முறை வந்தது என்று கணக்குப் பார்த்தால் விரல் மிச்சம் இருக்கும்.

எனக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று உம்மாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. உம்மா விளையாடுகிறா என்று நினைத்தேன். அதற்கு முன் ஆறு வருஷம் கேட்டிருந்ததால் எனக்குப் பேச்சு வரும், இப்போதும் வீட்டார் விளங்கிக்கொள்ளும் அளவுக்குப் பேசுவேன். பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு அந்த ஆறு வருஷமும் இல்லை. சகோதரியே, உங்கள் மகனுக்கும் எனக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். ஆகவே என் கதையை அப்படியே அவனுக்குப் பொருத்திவிடாதீர்கள். அவன் நிலை இன்னும் அவசரமானது.

வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போகாத இடமில்லை. வைத்தியர், நாட்டு வைத்தியர், ஊதிய தண்ணீர், கட்டிய நூல். பிறகு பெட்டி வைத்த கேட்கும் கருவி ஒன்று சட்டைப் பையில் தொங்கியது. அதில் எனக்குக் கிடைத்தது பேச்சல்ல, மண்டைக்குள் ஓர் இரைச்சல். காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று யாரோ சொன்னபோது வாப்பாவின் முகம் கறுத்தது. "எங்கட புள்ள ஊமை இல்ல" என்றார். அதனால் சாதாரணப் பள்ளியின் பின் வாங்கில் உட்கார்ந்தேன். பின்னேரம் உதடு படிக்கப் பழக்க ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார்கள். அவர் நல்ல மனிதர், கண்டிப்பானவர். முதல் நாளே என் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து உட்காரச் சொன்னார். கையை எடுத்தால் அடிமட்டம் விழும். நான்கு வருஷம் என் கையின் மேலேயே உட்கார்ந்து படித்தவன் நான்.

உதடு படிப்பது ஒரு கலை என்று கேட்பவர்கள் வியக்கிறார்கள். பாதிக்கு மேல் ஊகம்தான். கண்ணாடி முன் நின்று ‘பணம்’ என்றும் ‘மணம்’ என்றும் சொல்லிப் பாருங்கள். ‘படம்’, ‘மடம்’ சொல்லிப் பாருங்கள். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளேயே நடந்து முடிகிற காரியம், வெளியே ஒன்றும் தெரியாது. சின்ன வயதில் பால் வாங்கிவர உம்மா போத்தலோடு அனுப்பினா. வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு சிங்கள வியாபாரி ‘பாலு, பாலு’ என்று கூவுவது தெரிந்தது. போத்தலை நீட்டிக்கொண்டு போய் நின்றேன். அவர் சொன்னது ‘மாலு’. கூடையில் கிடந்தது மீன். அந்த மனிதர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. நல்ல வேளை, சிரிப்பைப் படிக்கப் பயிற்சி தேவையில்லை.

இந்தக் கையைக் கட்டும் யோசனை எங்கிருந்து வந்தது என்று பிற்காலத்தில் தேடிப் படித்தேன். 1880 இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோரின் ஆசிரியர்கள் ஒரு மாநாடு கூடினார்கள். அங்கே கூடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். வகுப்பில் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சு மட்டும் போதும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானம் உலகம் முழுவதும் பரவி எத்தனையோ பிள்ளைகளின் கையை அடக்கிவைத்தது. 1960 இல் வில்லியம் ஸ்டோக்கோ என்ற அமெரிக்கப் பேராசிரியர், சைகை என்பது வெறும் அபிநயமல்ல, சொல்லும் இலக்கணமும் உள்ள முழு மொழி என்று எழுதிக் காட்டினார். மிலானில் செய்தது பிழை என்று அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி வருத்தம் தெரிவித்தது 2010 இல். நூற்றி முப்பது வருஷம்! அந்தத் தீர்மானத்தின் பெயர்கூட அறியாத என் ஆசிரியரின் அடிமட்டம் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

வாப்பா பயந்த அந்தப் பள்ளிக்கூடங்கள் நம் நாட்டுக்குப் புதியவையுமல்ல. 1912 இல் மேரி சப்மன் என்ற ஆங்கிலப் பெண்மணி தொடங்கிய பள்ளிதான் இன்றும் இரத்மலானையில் நடக்கிறது; அவர் பின்னர் 1920 இல் ரங்கூனிலும் ஒன்று தொடங்கினார். அதற்கும் முன்னால் 1890களில் பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவெய்ன்சன் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பள்ளி இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் என்னைப் போன்ற பிள்ளைகள் கூட்டமாகக் கை அசைத்துக்கொண்டிருக்க, நான் பின் வாங்கில் இருந்து கரும்பலகையையும் ஆசிரியரின் முதுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பாமேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. அவர் காலத்தில் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் கைக்கு விடுதலை கிடைத்த இடம் ஓர் அச்சகம். 19 வயதில் கொட்டாஞ்சேனையில் ஒரு கிறிஸ்தவத் தமிழ் முதலாளியிடம் எழுத்துக் கோர்க்கச் சேர்ந்தேன். காலையில் காலி வீதியில் 102 ஆம் இலக்க பஸ் ஏறினால் கொட்டாஞ்சேனையில் போய் இறங்கலாம். கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ், தேவாலயத்துப் பெருநாள் அழைப்பு, நிக்காஹ் கார்ட், மரண அறிவித்தல் எல்லாம் என் கையால் கோர்த்திருக்கிறேன். மெஷின் இரைச்சலில் மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள். எனக்கு அது காலடியில் தெரியும். எழுத்து சரியாக முடுக்கப்படாமல் ஆடினால் தரையின் அதிர்வு மாறும், நான்தான் முதலில் கையைத் தூக்குவேன்.

அந்த மெஷினில் நின்றவர் ஒரு சிங்கள நண்பர், பிறவியிலேயே கேளாதவர். காது கேளாதோர் பள்ளியில் படித்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கையைப் பார்த்து முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரே பார்க்கிறது என்று கூசினேன். ஒரு மாதம் போனது. மூன்று மாதம் போனது. ஒரு நாள் அவர் தன் அண்ணனின் கலியாணச் சண்டையைக் கையால் சொல்லிக்கொண்டு போக, நான் எந்த இடத்திலும் ஊகிக்காமல், எந்த இடத்திலும் தலையைச் சும்மா ஆட்டாமல், முதலிலிருந்து கடைசிவரை விளங்கிக்கொண்டேன். ஆறு வயதுக்குப் பிறகு ஒரு கதையை முழுசாக நான் ‘கேட்டது’ அன்றுதான். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீட்டுக்குப் போனார்.

இன்னொரு வேடிக்கை. அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, எனக்குச் சிங்கள எழுத்து அரைகுறை. நாட்டில் அந்த இரண்டு மொழிகளின் பெயரால் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூன்றாவது மொழியொன்றில் சீனி விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

யுத்தம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு கொழும்பில் மூலைக்கு மூலை சோதனைச்சாவடி. வெள்ளவத்தையில் கேட்கவே வேண்டாம். ஒரு மஃரிப் நேரம் வேலை முடிந்து நடந்து வருகிறேன். யாரோ ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். முச்சந்தியில் பழம் விற்கிறவர். அவர் பார்க்கும் திசையில் திரும்பினால் துவக்கு என்னை நோக்கி நீட்டியிருக்கிறது. நில் என்று மூன்று முறை கத்தினார்களாம். காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினேன். அந்தச் சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. துவக்கைத் தாழ்த்தியபோது அவன் கை நடுங்கியது; என்னைவிட அவன் பயந்திருந்தான்.

உம்மா அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். ‘எனக்குக் காது கேட்காது’ என்று மூன்று மொழியிலும் அச்சடித்து ஓர் அட்டை கழுத்தில் போட்டுக்கொள் என்றார். தமிழ் எழுத்தை நானே கோர்த்தேன். அதுவரை யார் கேட்டாலும் ‘கொஞ்சம் மந்தம்’ என்றுதான் சொல்லிவந்தேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அந்த வசனத்தை அடுக்கியபோது, அது பழியும் இல்லை, அவமானமும் இல்லை, ஒரு விவரம் என்று தோன்றியது. இரண்டு நாள் சட்டைக்குள் மறைத்துப் போட்டேன். மூன்றாம் நாள் வெளியே போட்டேன்.

உயிர் ஆபத்து இல்லாத நாட்களிலும் செய்தி எங்களுக்குக் கடைசியாகத்தான் வரும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. அச்சகத்துக்குக் கிட்டத்தில்தான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். ஞாயிறானபடியால் நான் வெள்ளவத்தையில் இருந்தேன். அன்றே அரசாங்கம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் முடக்கியது. வதந்தியை நிறுத்த என்றார்கள், இருக்கலாம். ஆனால் காது கேட்பவர்கள் போனை எடுத்து ‘இருக்கிறாயா’ என்று கேட்க முடிந்தது. எங்களுக்கு அந்த வீடியோ அழைப்புத்தான் போன். என் மனைவியும் காது கேளாதவர். புத்தளத்தில் இருக்கும் அவருடைய தங்கச்சியும் அப்படித்தான். ஒன்பது நாள் ஒருவர் கையை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். எங்கள் மகள், அல்ஹம்துலில்லாஹ், கேட்கிறவள். அவள்தான் ஊரெல்லாம் போன் எடுத்து எங்களுக்குக் கையால் சொன்னாள். அடுத்த வருஷம் கொரோனா வந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொள்ள, உதடு படிக்கும் வித்தையும் போயிற்று. கை மட்டும் மிச்சம் இருந்தது.

பள்ளிவாசல் கதையைச் சொல்லாமல் விட்டால் நண்பர்கள் கோபிப்பார்கள். ஜும்ஆவுக்கு நான் முன் ஸஃப்பில்தான் உட்காருவேன், உதடு தெரியட்டும் என்று. மிம்பரின் உயரத்தில் தாடிதான் தெரியும். குத்பா நேரத்தில் பேசக் கூடாது என்பதால் பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்க முடியாது. ‘பொறகு சொல்றன்’ என்பதற்கு மார்க்க ஆதாரம் உள்ள ஒரே இடம் அது! தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது கேட்டால், நாற்பது நிமிஷப் பயானுக்கு இரண்டு வார்த்தையில் பதில் வரும்: "நல்ல பயான்."

ஒருமுறை ஒரு பெரியவர் என் முதுகைத் தடவி, உங்களுக்கென்ன, கேள்வி கணக்கு லேசு என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் காது கேளாதவன் இல்ம் தேடும் கூட்டத்தில் சேராதவன் என்ற எண்ணம் அந்த ஆறுதலுக்குள் இருந்தது. அதனால் இந்தச் செய்தியை எங்கே கண்டாலும் குறித்துவைத்துக்கொள்வேன். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் ‘அல்உம்மு’ கிரந்தம் எத்தனை பெரியது என்று சொல்லத் தேவையில்லை. அதை இமாமின் மாணவர் ரபீஉ இப்னு ஸுலைமானிடம் எகிப்தில் கேட்டு, பின்வந்தோருக்கு அறிவித்தவர் நைஸாபூரைச் சேர்ந்த அபுல் அப்பாஸ் முஹம்மத் இப்னு யஃகூப். ‘முஸ்னதுஷ் ஷாபிஈ’ அவருடைய அறிவிப்பிலிருந்து தொகுக்கப்பட்டதுதான். இல்ம் தேடிய பயணத்திலிருந்து ஊர் திரும்பிய பின், இளமையிலேயே, அவருக்குக் காது போய்விட்டது. கழுதை கத்தினாலும் கேட்காத அளவுக்குப் போய்விட்டது என்று எழுதுகிறார்கள். உலகம் அவரை ‘அல்அஸம்மு’, அதாவது செவிடர் என்று அழைத்தது.

அந்தச் செவிடர் தன் பள்ளிவாசலில் எழுபது வருஷம் பாங்கு சொன்னார். புத்தகம் பிரதி எடுத்துக் கொடுத்துத் தன் கை உழைப்பில் சாப்பிட்டார் (எங்கள் தொழிலுக்குச் சொந்தக்காரர்!). எழுபத்தாறு வருஷம் ஹதீஸ் அறிவித்தார். முதுமையில் கண்ணும் போயிற்று. அப்போது தேடிவந்தவர்கள் அவர் கையில் ஓர் எழுதுகோலைக் கொடுப்பார்களாம். எழுதுகோல் கையில் பட்டதும், ஹதீஸ் கேட்க ஆள் வந்திருக்கிறது என்று விளங்கி, மனப்பாடத்திலிருந்து சொல்லத் தொடங்குவாராம். ஹிஜ்ரி 346 இல் வபாத்தானார். அவருடைய மாணவர் இமாம் அல்ஹாக்கிம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: ‘அஸம்மு’ என்று அழைப்பதை அவர் விரும்பமாட்டாராம். நிழல் தரும் மரத்துக்கு அதன் வளைவைச் சொல்லிப் பெயர் வைத்ததுபோல, உலகம் இன்றும் அவரை அந்தப் பெயரில்தான் அறிகிறது.

எனக்கு அந்த எழுதுகோல் விஷயம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. கண்ணும் காதும் இல்லாத ஒருவரிடம் அந்தக் காலத்து மாணவர்கள் ‘பொறகு’ என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. கையில் ஒரு குறிப்பைக் கண்டுபிடித்தார்கள்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி. எனக்குக் கலியாணமானதும் வீட்டின் பின்னறையை எங்களுக்கு ஒதுக்கினார்கள். இரண்டு பேருக்கும் கேட்காது. யார் வந்து தட்டினாலும் தெரியாது. பிள்ளை பிறந்தபோது இரவில் அழுதால் தெரிய வேண்டுமென்று மனைவி தன் மணிக்கட்டிலிருந்து பிள்ளையின் காலுக்கு ஒரு நூலைக் கட்டிக்கொண்டு படுப்பாள். இதைக் கண்ட வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிவந்தார். கதவு மணியை அழுத்தினால் எங்கள் அறையில் ஒரு பல்ப் எரியும்படி செய்வித்தார். எங்கட புள்ள ஊமை இல்ல என்று சொன்ன அதே வாப்பா.

1998 இல் வாப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு எல்லோரையும் அழைத்தார். கட்டிலைச் சுற்றி நின்றோம். உதடு மெல்ல அசைந்தது. நான் குனிந்து பார்த்தேன். பல் இல்லாத வாய், வெள்ளைத் தாடி, மங்கல் வெளிச்சம். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. உம்மா அழுதா. தாத்தா தலையை ஆட்டினா. வாப்பா என் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் நானாவின் கையைப் பிடித்து, என்ன சொல்றாங்க என்றேன். "பொறகு சொல்றன் தம்பி." ஸுபஹுக்கு முன் வாப்பா போய்விட்டார். ஜனாஸா, மூன்றாம் கத்தம், நாற்பது, எல்லாம் முடிந்தது. நானா கட்டாருக்குத் திரும்பிவிட்டார்.

நானா லீவில் வந்தபோது மூன்று வருஷமாகியிருந்தது. ஒரு பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதையைக் கடந்து கல்லில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் கேட்டேன். நானா முதலில் எந்த இரவு என்றார். பிறகு நினைவு வந்து, என் சின்னக் கொப்பியை வாங்கி எழுதினார். வாப்பா ஸலவாத்துச் சொன்னார்; கடன் ஒன்றைக் கொடுக்கச் சொன்னார்; உம்மாவைப் பார்க்கச் சொன்னார். அதற்கு அடுத்த வரி: "உன்ட அறை பல்ப் வேல செய்யுதா எண்டு கேட்டாங்க. நாங்க ஓம் எண்டு சொன்னம்."

பல்ப் அந்த வாரம் எரிந்துபோயிருந்தது. யாரும் பார்க்கவில்லை. நானும் மாற்றவில்லை. நானா கொப்பியைத் திருப்பித் தந்து, சின்ன விஷயம் என்று நினைத்தேன் தம்பி என்றார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எது சின்னது என்று தீர்மானிக்கும் வேலை எப்போதும் கேட்பவர்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்கும் அது பழகிவிட்டது.

சகோதரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கை காட்டினால் பேச்சு வராது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயமல்ல. இன்று மொழியியல் படித்தவர்கள் சொல்வது, சின்ன வயதில் பிள்ளைக்கு முழுசாக ஒரு மொழி கிடைக்க வேண்டும், அது கண்ணால் வந்தாலும் சரி, அந்த அடித்தளத்தின் மேல் எழுத்தும் பேச்சும் ஏறும் என்பதுதான். கேட்கும் கருவியோ, காதுக்குள் பொருத்தும் சத்திர சிகிச்சையோ வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அதை நான் தடுக்கமாட்டேன். அது நடக்கும்வரை, நடந்த பிறகும், மூன்று வயதுப் பிள்ளை காத்திருக்கக் கூடாது. அவன் தண்ணீருக்குக் கை காட்டினால் அதே சைகையை அவனுக்குத் திருப்பிக் காட்டிவிட்டுத் தண்ணீரைக் கொடுங்கள். வாப்பா வேலைக்குப் போகிறார், மாமி வருகிறா, இன்றைக்கு மழை, அதனால் கடலுக்குப் போகவில்லை, இவை எல்லாவற்றையும் காட்டுங்கள். ‘அதனால்’ என்பதைக் கட்டாயம் காட்டுங்கள். எங்களுக்கு அதிகமாக மறுக்கப்படும் சொல் அது.

முறையான சைகை மொழியைக் காது கேளாதவர்களிடமிருந்தே பழகுங்கள். பள்ளிக்குப் பள்ளி சைகை கொஞ்சம் மாறும், பயப்பட வேண்டாம், வெள்ளவத்தைத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும்போலத்தான். மாமியாரையும் பழகச் சொல்லுங்கள். இலங்கை 2016 இல் உறுதிப்படுத்திய ஐ.நா. உடன்படிக்கையில் சைகை மொழியும் மொழி என்றே எழுதியிருக்கிறது என்று பக்கத்து வீட்டாருக்குச் சொல்லலாம். அவர்கள் நம்பாவிட்டால் போகட்டும்.

முடிந்தால் மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பத்திரிகைக்கு ஒரு வரி எழுதினால் விலாசம் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் இருப்போம், என் மகளும் இருப்பாள், உங்களுக்கு வாயாலும் அவனுக்குக் கையாலும் சொல்லுவாள். கொட்டாஞ்சேனையில் 102 ஏறினால் பஸ் மாற வேண்டியதில்லை. கதவைத் தட்ட வேண்டாம். மணியைக் கொஞ்சம் நீளமாக அழுத்துங்கள். அவனையே அழுத்த விடுங்கள். உள்ளே பல்ப் எரிவது யன்னலால் அவனுக்குத் தெரியும்.